டிராகன்ஸ்பர்க் மலைக்கு ஏப்ரல்-மே மாசத்துல போலாமா? தெண்டெலே, துகேலா கார்ஜ், செயின் லேடர்: ஒரு முழு ரிவ்யூ

தென்னாப்பிரிக்கால டர்பன்லயும் ஜோபர்க்லயும் (ஜோஹன்னஸ்பர்க்) இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் லீவு கிடைச்சா கேப் டவுனுக்கு டிக்கெட் போடுவாங்க, இல்லன்னா க்ரூகர்ல சிங்கம் பாக்கக் கிளம்புவாங்க, கார்ல மூணு மூணரை மணி நேரத்துல இருக்கற டிராகன்ஸ்பர்க்க மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே இருப்பாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். மார்க்க முதல்லயே போட்டுடறேன், நீளமா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். மலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. சீசனுக்கும் அஞ்சு. ராயல் நேட்டல் பார்க்குக்குள்ள நாங்க தங்கின தெண்டெலே கேம்ப்புக்கு அஞ்சு. எங்க கூட வந்த கைடுக்கு அஞ்சு போட்டாலும் பத்தாது. அந்த கைட அனுப்பி வெச்ச கம்பெனிக்கு ரெண்டு, அதுவும் கைடு முகத்துக்காக. மேல தங்கின லாட்ஜுக்கு ரெண்டரை.

சீசன்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்தியாவுல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாம் கொழம்பற இடம் இதுதான். இங்க இலையுதிர் காலம்னா மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும். ஊர்ல அக்னி நட்சத்திரம் மண்டையப் பொளக்கற நேரத்துல இங்க அலமாரில இருந்து ஸ்வெட்டர் வெளிய வரும். டிராகன்ஸ்பர்க்ல மழை எல்லாம் கோடைலதான், அக்டோபர்-நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும், அதுவும் சும்மா மழை இல்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இடி மின்னலோட வந்து எறங்கும், மொட்டை மலை மேல நின்னுட்டு இருக்கும்போது மின்னல் வந்தா ஒதுங்க ஒரு மரம் கூட கிடையாது. ஏப்ரல் பாதிக்கு மேல அந்தக் கூத்து அடங்கிடும். வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், புல்லு எல்லாம் பச்சைல இருந்து செம்பழுப்பு ஆகி ஒரு மாதிரி செப்புப் பாத்திர கலர்ல இருக்கும், ஆத்துல தண்ணி குறைஞ்சிருக்கும் ஆனா வத்தியிருக்காது. ஜூலை ஆகஸ்ட்ல போனா துகேலா ஃபால்ஸே நூல் மாதிரி ஆயிடும், சில சமயம் மேல ஐஸா உறைஞ்சு நிக்கும், அதையும் பாக்கப் போறவங்க இருக்காங்க, ஆனா அது வேற ரகம், அந்தக் குளிரு நம்ம உடம்புக்கு ஒத்து வராது. ஆகஸ்ட் செப்டம்பர்ல காத்தும் காட்டுத் தீ பயமும் வேற.

இவ்ளோ நல்ல சீசன்ல ஒரே ஒரு குறை, பகல் சின்னது. மே ஆரம்பத்துல ஆறரைக்கு மேலதான் சூரியன் வரும், சாயங்காலம் அஞ்சரைக்குள்ள போயிடும். கோடைல மாதிரி ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்னு கணக்கு போட்டுட்டுப் போனா மாட்டுவீங்க. அதனால இந்த ரிவ்யூல நான் யாருக்கு மார்க் குறைச்சாலும் கூட்டினாலும் ஒரே அளவுகோல்தான், எங்க பகல் வெளிச்சத்த மிச்சம் பண்ணிக் குடுத்தாங்களா, இல்ல வீணடிச்சாங்களான்னு.

நாங்க போனது பக்கத்து வீட்டு அங்கிள் ஆன்ட்டி குடும்பத்தோட. ரெண்டு பேரும் டர்பன்ல நம்மாளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த்ல வளந்தவங்க, அங்கிளுக்கு ரிட்டயர் வயசு தாண்டிடுச்சு, அவங்க தாத்தா காலத்துல வட ஆற்காடு பக்கத்துல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க. கோயில்ல தேவாரம் அட்சரம் பிசகாம பாடுவாங்க, ஆனா வீட்டுல பேச்சு இங்கிலீஷ்தான், நடுநடுவுல ரசம், கீரை, அரிசி, "அட கடவுளே" எல்லாம் சுத்தத் தமிழ்ல வந்து விழும். என்னை தம்பின்னு கூப்பிடற அந்தக் குரலுக்காகவே இந்த ஊர்ல நான் இன்னும் இருக்கேன்னு தோணும். சரி அத விடுங்க.

டர்பன்ல இருந்து என்-3 ஹைவே பிடிச்சு பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூய் ரிவர் தாண்டி வின்டர்டன் பக்கம் திரும்பி பெர்க்வில் வழியா ராயல் நேட்டல் பார்க்குக்கு சுமார் 250 கிலோமீட்டர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ரோடு அகலப்படுத்தற வேலை போய்ட்டே இருக்கு, லாரி வேற வரிசை கட்டி நிக்கும், அதனால விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க. ரெண்டு டோல் வரும், மரியன்ஹில், மூய் ரிவர். வின்டர்டன் தாண்டினதும் ரோட்டோரம் பாப்லர் மரம் எல்லாம் மஞ்சளாகி நிக்கும், சோளக்காடு காஞ்சு கெடக்கும், அதுக்குப் பின்னாடி நீலமா மலை எழும்பும். பாக்க நல்லா இருக்கும், ஆனா ஓட்டறவர் ரோட்ட மட்டும் பாக்கட்டும், குழி அப்படி. இருட்டினதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் ஓட்டவே ஓட்டாதீங்க, மாடு நடு ரோட்டுல படுத்திருக்கும்.

சாப்பாடு கட்டிட்டுப் போறது ரொம்ப முக்கியம். தெண்டெலேல ரெஸ்டாரன்ட் கிடையாது, நாமளே சமைச்சுக்கற ஏற்பாடுதான், சின்னதா ஒரு கடை இருக்கும், அத நம்பி மளிகைக்குப் போக முடியாது, பெர்க்வில்லயே பால் ரொட்டி எல்லாம் வாங்கிடணும். ஆன்ட்டி பெரிய டப்பாவுல பிரேயானி கொண்டு வந்தாங்க, டர்பன் பிரேயானில மைசூர் பருப்பு போடுவாங்க, முதல் தடவ பாக்கறப்ப எனக்கு இது என்னடா பிரியாணியா சாம்பார் சாதமான்னு இருந்துச்சு, இப்ப அது இல்லாம இறங்க மாட்டேங்குது. எங்க வீட்டுல புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். மலைல நடந்துட்டு வந்து ஆறிப்போன புளிசாதம் தின்னு பாருங்க, எந்த எனர்ஜி பாரும் வேணாம். ராத்திரிக்கு வீட்டு வாசல்லயே பிராய் (கரி அடுப்புல சுடறது) போட இடம் இருக்கு, மதர்-இன்-லாங்கற கார மசாலா தடவின கோழிய அங்கிள் சுட்டாரு, பக்கத்து ஷாலேல (தங்கற குடில்) இருந்த வெள்ளைக்காரத் தாத்தா வாசனை பிடிச்சு தட்டோட வந்து நின்னாரு. ஒண்ணு சொல்லணும், பபூன் குரங்கு இருக்கு. ஜன்னல திறந்து போட்டுட்டு நடக்கப் போனா திரும்பி வரும்போது சமையலறைல ஒண்ணும் மிஞ்சாது. அங்க எழுதியே போட்டிருப்பாங்க, ஆனா நம்மாளுங்க நோட்டீஸ் படிக்கற வழக்கம் தெரிஞ்சதுதானே.

தெண்டெலேக்கு ஏன் அஞ்சுன்னா ஒரே காரணம், உக்காந்த இடத்துல இருந்தே தெரியற அந்தச் சுவரு. ஆம்ஃபிதியேட்டர்னு பேரு. கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆயிரம் மீட்டருக்கு மேல செங்குத்தா எழும்பி நிக்கற பாறைச் சுவர். இடது பக்கம் ஈஸ்டர்ன் பட்ரஸ், வலது பக்கம் சென்டினல் சிகரம், 3165 மீட்டர். ஷாலே எல்லாத்தையும் அந்தப் பக்கம் பாத்தே கட்டியிருக்காங்க. காலைல எழுந்து போர்வைய சுத்திக்கிட்டு வாசல்ல காபியோட உக்காந்தீங்கன்னா சூரியன் நம்ம முதுகுப் பக்கத்துல இருந்து வரும், சுவரு மேல் விளிம்பு முதல்ல ரோஸாகி, அப்புறம் ஆரஞ்சாகி, கீழ வரைக்கும் வெளிச்சம் இறங்கிட்டு வரும். இந்தக் காட்சிக்கு காலை நேரம்தான், சாயங்காலம் சூரியன் அந்தச் சுவருக்குப் பின்னாடி போயிடறதால சீக்கிரமே நிழலாகி குளிர ஆரம்பிச்சுடும். நாலு மணிக்கே ஜாக்கெட் தேடணும்.

பார்க் 1916-ல ஆரம்பிச்சது. 1947-ல இங்கிலாந்து ராஜா ராணி, 2022-ல காலமான எலிசபெத் அப்ப இளவரசி, குடும்பத்தோட வந்து தங்கினதுதான் அந்த ராயல் பட்டத்துக்குக் காரணம். இத நான் பெருமையா படிச்சுச் சொல்லிட்டு இருக்கும்போது அங்கிள் சிரிச்சாரு. ராணி வந்துட்டாங்க, நாங்க வர முடியலயேன்னாரு. 1953-ல நிறவெறி ஆட்சி போட்ட தனித்தனி வசதி சட்டம், பீச்சு, பார்க்கு, ஹோட்டல், பெஞ்சு வரைக்கும் யாருக்கு எதுன்னு பிரிச்சு வெச்சது, அது ரத்தானது 1990-ல. அவரு ஸ்கூல் படிக்கும்போது இந்தப் பக்கம் லாரில சாமான் இறக்க வந்த மாமா கூட வந்திருக்காரு, மலைய தூரத்துல இருந்து பாத்திருக்காரு, ராத்திரி தங்க இடம் தேடாம அப்படியே டர்பனுக்குத் திரும்பிட்டாங்க. இவ்ளோதான் சொன்னாரு, மேல கேக்க எனக்கும் தோணல. மறுநாள் காலைல எல்லாருக்கும் முன்னாடி எழுந்து வாசல் நாற்காலில உக்காந்திருந்தது அவருதான்.

துகேலா கார்ஜ், அதாவது துகேலா ஆறு போற பள்ளத்தாக்கு நடை. புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான், சுவரு உச்சிக்கு இரும்பு ஏணில ஏறற செயின் லேடர் இல்ல. தெண்டெலேக்குக் கீழ இருக்கற கார் பார்க்கிங்ல ஆரம்பம், போய்ட்டு வர சுமார் 14 கிலோமீட்டர், நிதானமா நடந்தா அஞ்சாறு மணி நேரம். முக்கால்வாசி தூரம் ஏத்தமே பெருசா இல்ல, ஆத்துக்கு மேல மலைச் சரிவ ஒட்டியே பாதை போகும், புல்வெளி, புரோட்டியா மரம், நடுநடுவுல திடீர்னு யெல்லோவுட் காடு, உள்ள போனா ஈரமும் இருட்டும், வெளிய வந்தா சுள்ளுனு வெயிலு. சீசன் காரணமா வேர்க்கவே இல்ல, இதே நடைய ஜனவரில நடந்தா சட்டை பிழிஞ்சு காயப்போடணும். கடைசி ஒரு கிலோமீட்டர்தான் வேலை, பாதை முடிஞ்சு ஆத்துப் படுகைல பாறைக்குப் பாறை தாவிப் போகணும், ஆத்த பல இடத்துல கடக்கணும். மழை மாசத்துல திடீர் வெள்ளம் வர்ற இடம் அது, இப்ப கணுக்கால் அளவு, கெண்டைக்கால் அளவு தண்ணிதான், ஆனா அந்த ஜில்லு எலும்புக்குள்ள போகும். ஷூவக் கழட்டி கழுத்துல மாட்டிட்டுப் போகாம பழைய செருப்பு ஒண்ணு பைல வெச்சுக்கோங்க, பாறை வழுக்கும்.

அந்தக் கோடில டன்னல்னு ஒரு இடம், ஆறு பாறைய அறுத்துக் குடைஞ்சுட்டுப் போயிருக்கு, ரெண்டு பக்கமும் சுவரு, மேல ஒரு கீத்து வானம். தண்ணி குறைவா இருந்தா உள்ளயே நடந்து போலாம், இல்லன்னா பக்கத்துல ஒரு சின்ன இரும்பு ஏணி இருக்கு, ஏறி அந்தப் பக்கம் போய் பாத்தா ஆம்ஃபிதியேட்டர் தலைக்கு மேல நிக்கும், அந்த உயரத்துல இருந்து வெள்ளையா விழற ஃபால்ஸும் தெரியும். ஆன்ட்டிக்கு முட்டி வலி, அதனால முதல் காடு வரைக்கும் வந்துட்டு அங்கிளோட அங்கயே இருந்துட்டாங்க, திரும்பி வரும்போது ஆத்தோரமா தண்ணிய கைல அள்ளி தலைல தெளிச்சுட்டு நின்னாங்க. இந்த துகேலா 500 கிலோமீட்டர் ஓடி ஸ்டாங்கர், டார்னலுக்கு வடக்க கடல்ல சேருது, அவங்க ஆயா கரும்பு வெட்டின தோட்டம் எல்லாம் அந்தப் பக்கம்தான். கார்ஜுக்கு கைடு தேவையில்ல, பாதை தெளிவா இருக்கு. ஆனா ரெஜிஸ்டர்ல பேரு எழுதாம போகாதீங்க, திரும்பி வந்ததும் மறக்காம கையெழுத்து போடுங்க, இல்லன்னா ராத்திரி உங்களத் தேடி ஆள் கிளம்பும். எட்டு மணிக்கு மேல ஆரம்பிக்காதீங்க, கார்ஜ் உள்ள மத்தியானத்துக்கு மேல வெயிலே வராது.

இப்ப செயின் லேடர் கதை. இது அதே சுவரோட உச்சிக்குப் போற வழி, ஆனா தெண்டெலேல இருந்து நேரா ஏற முடியாது, கார்ல சுத்திப் போகணும். ஒலிவியர்ஷுக் பாஸ் ஏறி, ஸ்டெர்க்ஃபொன்டைன் டேம் பக்கமா ஃப்ரீ ஸ்டேட்டுக்குள்ள போய், ஃபுத்தடிஜாபா தாண்டி மேல வரணும். காலைல சீக்கிரம் ஏறணும்னா முன்னாடி ராத்திரி அந்தப் பக்கமே தங்கறது நல்லது. நாங்க தங்கின லாட்ஜ் பேரு போடல, ஓனரம்மா நல்ல மனுஷி. ஆனா ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல, மே மாசம், ராத்திரி வெளிய புல்லு மேல உறைபனி விழற இடத்துல, ஆளுக்கு ஒரு மெல்லிசு கம்பளியும் மூணு பேருக்கு ஒரு ஹீட்டரும் குடுத்தா எப்படிங்க. சுடுதண்ணி முதல் ஆளுக்கு சுட்டது, ரெண்டாவது ஆளுக்கு வெதுவெதுப்பு, மூணாவது ஆளு நானு. சூப் மட்டும் பிரமாதம், பூசணிக்கா சூப்பு, அதுக்குத்தான் அந்த அரை மார்க்.

கைடு கம்பெனி பேரும் வேண்டாம். புக்கிங் பண்ற வரைக்கும் வாட்ஸாப்ல நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ், ஹார்ட் எமோஜி எல்லாம் வந்துச்சு, காசு ஏறினதும் ப்ளூ டிக் மட்டும்தான். காலைல ஆறு மணிக்கு பிக்கப்னு சொன்ன வண்டி ஏழேகாலுக்கு வந்துச்சு. டிரைவர் வேற ஒரு க்ரூப்ப ஏத்தப் போயிருந்தாராம். ஒண்ணேகால் மணி நேரம் லேட்டுன்னா டர்பன்ல ஒரு விஷயமே இல்ல, கல்யாணத்துக்கே அப்படித்தான் போவோம், ஆனா பத்தே முக்கால் மணி நேரம் பகல் இருக்கற மாசத்துல மலைக்கு மேல அந்த ஒண்ணேகால் மணி நேரத்த யாரு திருப்பித் தருவா. ஆறு பேருக்கு மேல க்ரூப் போகாதுன்னு எழுதியிருந்தாங்க, வண்டிக்குள்ள பாத்தா பத்து பேரு, அதுல ஒருத்தர் ஜீன்ஸும் கான்வாஸ் ஷூவும் போட்டு ஒரு சின்ன தண்ணி பாட்டிலோட வந்திருக்காரு, யாரும் அவருகிட்ட முன்னாடியே ஒண்ணும் சொல்லல. திரும்பி வந்து நியாயமா ஒரு மெயில் போட்டேன், அடுத்த டிரிப்புக்கு டிஸ்கவுன்ட் தர்றோம்னு பதில் வந்துச்சு.

ஆனா அந்த கைடு. அந்த மலை அடிவாரத்துலயே பொறந்து வளந்த சோத்தோ இனத்து ஆளு, பேச்சு கம்மி. வண்டி லேட்டா வந்ததுக்கு அவரு காரணமே இல்ல, ஆனா ஒரு வார்த்தை சாக்கு சொல்லாம முதல்ல எல்லார் பையையும் திறக்கச் சொல்லி பாத்தாரு. கான்வாஸ் ஷூக்காரருக்கு தன் பைல இருந்து ஒரு ஃப்ளீஸ் குடுத்தாரு. அப்புறம் வாட்சக் காட்டி, பன்னெண்டரைக்கு நீங்க எங்க இருந்தாலும் அங்கயே திரும்பறோம், ஃபால்ஸ பாத்தாலும் சரி பாக்கலன்னாலும் சரின்னு கறாரா சொல்லிட்டாரு. எனக்கு அங்கயே நம்பிக்கை வந்துருச்சு.

சென்டினல் கார் பார்க்கிங் சுமார் 2500 மீட்டர்ல இருக்கு, அதுக்குப் போற கடைசி ரோடு சின்ன கார்ல போற ரோடே இல்ல, உயரமான பக்கி (பிக்கப் வண்டி), இல்லன்னா 4x4 ஷட்டில்தான். அங்க இருந்து போய்ட்டு வர 12, 13 கிலோமீட்டர் இருக்கும். முதல்ல வளைஞ்சு வளைஞ்சு ஏறற பாதை, கல்லு அடுக்கினது, மூச்சு வாங்கும், டர்பன் கடல் மட்டத்துல இருந்து நேரா வந்த உடம்புக்கு 2500 மீட்டர்ல கொஞ்சம் தலை கனக்கறது சகஜம், தண்ணி நிறைய குடிங்க. அப்புறம் சென்டினல் சிகரத்தோட காலடில ஒட்டிப் போற பாதை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், சில இடத்துல கையால பிடிச்சு ஏறணும். உயரம்னா தலை சுத்தறவங்களுக்கு சோதனை இங்கயே ஆரம்பிச்சுடும்.

செயின் லேடர்னா கயிறு ஏணி மாதிரி ஆடும்னு பயந்துட்டு இருந்தேன். இரும்புச் சங்கிலியும் படியும், பாறைல அடிச்சு தொங்க விட்டிருக்காங்க, ரெண்டு கட்டமா ஏறணும், நடுவுல நிக்க ஒரு திட்டு இருக்கு. பாறைய ஒட்டி இருக்கற இடத்துல பாதம் முழுசா வைக்க முடியாது, நுனிக்காலுதான் நிக்கும், பாறைய விட்டு விலகற இடத்துல லேசா ஆடும். பிரச்சினை உயரம் இல்ல, குளிரு. அந்தப் பக்கம் மேற்க பாத்த சுவரு, காலைல வெயில் படாது, இரும்பு அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு எடுத்த மாதிரி. க்ளவுஸ் இல்லாம போகாதீங்க, கம்பளி க்ளவுஸ் வழுக்கும், உள்ளங்கைல ரப்பர் வெச்சது நல்லது. கைடு கீழ நின்னு ஒவ்வொருத்தரா அனுப்பினாரு, ஒருத்தர் திட்டுக்குப் போன பிறகுதான் அடுத்தவரு. எனக்கு முன்னாடி போன என் மனைவி நடுவுல நின்னுட்டா, அவரு சத்தம் போடாம, வலது கை, இடது கால், இப்ப மூச்சு விடுங்கன்னு பாட்டு மாதிரி சொல்லிட்டே இருந்தாரு, ரெண்டு நிமிஷத்துல மேல இருந்தா. நானும் அங்கிள் பையனும் பின்னாடியே. கீழ பாக்காதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நான் பாத்தேன், ஒண்ணும் ஆகல. வீக்எண்டுல அங்க க்யூ நிக்கும், ஏறறவங்களும் இறங்கறவங்களும் மாறி மாறி, அதுலயே முக்கால் மணி நேரம் போயிடும். ஏணி வேண்டாம்னா ஒரு கல்லுச் சரிவு வழியும் இருக்கு, கல்லு உருளும், எனக்கு ஏணியே தேவலாம்னு பட்டுச்சு.

மேல போனா அது வேற உலகம். ஒரு ஏணிக்கு அப்புறம் கூர் கூரா சிகரம் இருக்கும்னு நெனச்சா, கண்ணுக்கெட்டற வரைக்கும் அலை அலையா புல்வெளி. தரையில சின்னதா ஒரு ஓடை போகுது, தாண்டிக் குதிக்கலாம், அதுதான் துகேலா. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அந்த ஓடை விளிம்புல இருந்து விழுது, அஞ்சு தாவல்ல 948 மீட்டர். வெனிசுவேலா ஏஞ்சல் ஃபால்ஸுக்கு அடுத்து உலகத்துல ரெண்டாவது உயரம்னு பொதுவா சொல்வாங்க, சில பேரு திருப்பி அளந்து பாத்து இதுதான் முதல்னு சண்டை போடறாங்க, விளிம்புல வயித்துல படுத்துக்கிட்டு எட்டிப் பாக்கற எனக்கு முதலா ரெண்டாவதான்னு ஒரு கவலையும் இல்ல. பின்னாடி தெரியற மேடு மான்ட்-ஓ-சோர்ஸ், 3282 மீட்டர். அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் விழற மழை இந்தியப் பெருங்கடலுக்குப் போகுது, அந்தப் பக்கம் விழறது ஆரஞ்ச் ஆறு வழியா கண்டத்தையே குறுக்க கடந்து அட்லான்டிக் போகுது. ஆனா ஜோபர்க் ஆளுங்க விடுவாங்களா, துகேலா தண்ணிய கீழ பிடிச்சு பம்ப் பண்ணி மலை ஏத்தி, நாங்க வழில பாத்த அந்த ஸ்டெர்க்ஃபொன்டைன் டேம்ல சேத்து, வால் ஆறு வழியா அவங்க குழாய்க்கு கொண்டு போறாங்க. ஜோபர்க் பக்கத்துல லெனேசியால உக்காந்து காபி போடறவங்க டம்ளர்லயும் இந்த மலை கொஞ்சம் இருக்கும்.

அங்க எவ்ளோ நேரம் இருந்தோம்னு கேளுங்க. அரை மணி நேரம் கூட இல்ல. புளிசாதம் டப்பாவ திறந்து பாதி சாப்பிடறதுக்குள்ள கைடு எழுந்துட்டாரு, பன்னெண்டரை. கான்வாஸ் ஷூக்காரரு இன்னும் பத்து நிமிஷம்னு கெஞ்சினாரு, முடியாதுன்னுட்டாரு. அப்ப எனக்கு அவரு மேல கொஞ்சம் கோவம்தான். ஆனா இறங்கும்போது ஏணில கூட்டம், எங்க க்ரூப்லயே ஒருத்தருக்கு கால் பிடிச்சுக்கிச்சு, கார் பார்க்கிங் வந்து சேரும்போது மணி நாலரைய நெருங்கிடுச்சு. அந்த கரடுமுரடு ரோட்ட வெளிச்சத்துலயே இறங்க முடிஞ்சதுன்னா அது அவரு போட்ட கெடுவாலதான். காலைல அந்த ஒண்ணேகால் மணி நேரம் கைல இருந்திருந்தா ஃபால்ஸ்கிட்ட நிம்மதியா சாப்பிட்டு, ஒரு தூக்கமே போட்டிருக்கலாம். ரெண்டு மார்க்குக்குக் காரணம் இதுதான். நீங்க கைடு பிடிக்கறப்ப விலைய அப்புறம் கேளுங்க, முதல்ல காலைல எத்தன மணிக்கு நடக்க ஆரம்பிப்போம், எத்தன மணிக்கு கண்டிப்பா திரும்புவோம், ஒரு கைடுக்கு எத்தன பேருன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா வேற ஆளப் பாருங்க. முடிஞ்சா அந்த ஊர் கைடுகிட்ட நேரடியாவே பேசி காச அவரு கைல குடுங்க.

மேல டென்ட் போட்டு தங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, தங்கறாங்க, நட்சத்திரம் அபாரமா இருக்கும்னு சொல்றாங்க. ஆனா மே மாசம் ராத்திரி அந்த உயரத்துல சைபருக்குக் கீழ போறது சாதாரணம், ஹைக்கர்ஸ் சாமான் திருடு போன கதையும் உண்டு, அதனால தனியா வேண்டாம், ஆள் தெரிஞ்ச கைடோட போங்க. போன் சிக்னல் பாதி இடத்துல இருக்காது. காலைல திடீர்னு சூடா காத்து வீசிச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, பெர்க் விண்டுனு சொல்வாங்க, அதுக்குப் பின்னாடியே குளிர் அலை வரும், மே மாசத்துலயே பனி கொட்டறதும் உண்டு. பாதைல வெயில் காயற பாம்பு இருக்கும், பஃப் ஆடர் நாம வர்றது தெரிஞ்சாலும் நகராது, பாத்து கால் வைங்க.

குழந்தைங்களோட போறவங்க செயின் லேடர மறந்துடுங்க. கார்ஜ்ல பாதி தூரம் போதும். ஓவியம் பிடிச்சவங்க கம்பெர்க் பக்கம் கேம் பாஸ் குகைக்குப் போகணும், இந்த மண்ணோட ஆதிகுடி சான் மக்கள் வரைஞ்ச ஈலண்ட் மான், கைடு இல்லாம உள்ள விட மாட்டாங்க, அது நல்லதுதான். மலை முழுக்க இந்த ஓவியங்க இருக்கறதாலயும் சேத்துத்தான் யுனெஸ்கோ 2000-ல இத உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சது. நல்லா நடக்கறவங்களுக்கு கதீட்ரல் பீக், 3004 மீட்டர், முழு நாள் வேலை, கடைசில கையும் காலும் சேந்து ஏறணும், மே மாச பகலுக்கு அது ரொம்ப இறுக்கமான கணக்கு, மார்ச் கடைசில பாருங்க.

புக்கிங் பத்தி. ஈஸ்டர், அப்புறம் ஏப்ரல் 27, மே 1 ரெண்டு லீவுக்கும் நடுவுல நாடே லீவு போட்டுட்டு மலைக்கு வந்துடும், அந்த வாரம் ஷாலே கிடைக்கவே கிடைக்காது, கிடைச்சாலும் ஏணில க்யூ. மே ரெண்டாவது வாரம், செவ்வாய் புதன் கிழமையா பாத்துப் போங்க, கேம்ப் பாதி காலியா இருக்கும். ஷாலே கிடைக்கலன்னா பார்க்குக்குள்ளயே மஹாய்ல டென்ட் போடற இடம் இருக்கு, செலவும் கம்மி, ஆனா தரை குளிரும், கீழ விரிக்க நல்ல மேட்டும் தடி கம்பளியும் கட்டாயம். மேல் கேம்ப், கீழ் கேம்ப்னு தெண்டெலேல ரெண்டு பிரிவு, கேட்டு வாங்க முடிஞ்சா மேல் கேம்ப் கேளுங்க. விறகும் கரியும் பெர்க்வில்லயே வாங்கிக்கோங்க.